டான்சில் சதையை லேபுக்கு அனுப்புவது ஏன்?

கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு சின்ன டப்பா. டப்பாவில் தண்ணீர் மாதிரி ஒரு திரவம். அதில் பாக்கு அளவில் இரண்டு சதைத் துண்டுகள்.

தாராவி 90 அடி ரோடு பக்கம் குடியிருக்கும் நண்பர் ஒருவர் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் இந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோல் பை தைப்பது தொழில். அவருடைய ஏழு வயது மகளுக்கு அன்று காலையில்தான் டான்சில் ஆபரேஷன் முடிந்திருந்தது.

"அண்ணாச்சி, புள்ளை நல்லாத்தான் இருக்கா. ஐஸ்கிரீம் கேக்கா. ஆனா இதை லேபுல குடுத்துட்டு வாங்கன்னு சொல்லிட்டாவ. சீட்டுல பயாப்சின்னு எழுதியிருக்கு. பயாப்சின்னா அந்த வியாதிக்குத்தானே பாப்பாவ?" என்றார்.

"அந்த வியாதி" என்றால் எது என்று சொல்ல வேண்டியதில்லை. பரேலில் 1941ல் தொடங்கிய டாட்டா நினைவு ஆஸ்பத்திரிக்கு ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை நம்மில் பலர் அழைத்துப் போயிருக்கிறோம். பயாப்சி என்ற சொல்லை நாம் முதலில் கேட்டதே அங்கேதான். அந்தச் சொல் ஒரு குழந்தையின் சீட்டில் இருந்தால் தகப்பனுக்கு எப்படி இருக்கும்?

ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் அவர் தையல் மிஷினில் உட்காரவில்லை. வீட்டுக்காரம்மா ஊரில் உள்ள இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். கடைசியில் வந்த காகிதத்தில் பயப்பட ஒன்றுமே இல்லை. "இது வழக்கமாக அனுப்புவது, கவலைப்படாதீர்கள்" என்று டப்பாவைக் கொடுத்த கையோடு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஏழு நாள் கூலி வீணாகி இருக்காது.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரையும், லேபில் சதையைப் பரிசோதிக்கும் டாக்டர் ஒருவரையும் போய்ப் பார்த்தேன்.

உள்நாக்கு வேறு, டான்சில் வேறு

நம் ஊரில் டான்சில் வீங்கினால் "உள்நாக்கு வளர்ந்திருக்கிறது" என்பார்கள். இது தவறு. வாயைத் திறந்தால் நடுவில் மணி போலத் தொங்குவது உள்நாக்கு. அதற்கு இரண்டு பக்கமும், ஒரு குழியில் பதிந்தாற்போல் இருப்பவைதான் டான்சில்கள்.

அதே வகைச் சதை மூக்குக்குப் பின்னால், மேல் அண்ணத்துக்கும் மேலே ஒன்று உண்டு. அதற்கு அடினாய்டு என்று பெயர். வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. நாக்கின் அடியிலும் கொஞ்சம் இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து தொண்டையைச் சுற்றி ஒரு வளையம் போல் அமைந்திருக்கின்றன. வால்டேயர் என்ற ஜெர்மன் டாக்டர் 19ம் நூற்றாண்டில் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே அதை அழைக்கிறார்கள்.

வாய், மூக்கு வழியாக உள்ளே வரும் கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குவது இந்த வளையத்தின் வேலை. சிறு வயதில் கிருமிகள் எல்லாமே உடம்புக்குப் புதிது. வேலை அதிகம். அதனால்தான் குழந்தைகளுக்கு இந்தச் சதை பெரிதாக இருக்கிறது. வயது ஏற ஏறச் சுருங்கிவிடும்.

இரண்டு காரணங்களுக்காகத்தான் பெரும்பாலும் இதை எடுக்கிறார்கள். அடிக்கடி தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வருவது ஒன்று. ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் வருடத்துக்கு 5 தடவை, அல்லது மூன்று வருடம் வருடத்துக்கு 3 தடவை என்று டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மற்றொன்று, சதை மூச்சுப் பாதையை அடைப்பது. குழந்தை வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடும். தூக்கத்தில் மூச்சு சில வினாடி நின்று, திடுக்கென்று மறுபடி வரும். என் நண்பரின் மகளுக்கு இரண்டாவது தொல்லைதான். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், குழந்தையின் மூச்சு நிற்பதைக் கண்டுபிடித்தது பக்கத்தில் படுத்திருந்த ஆச்சி.

லேபில் நடப்பது என்ன?

உடம்பிலிருந்து எதை வெட்டி எடுத்தாலும் அது என்ன என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரிகளில் வெகுகாலமாக இருந்து வரும் பழக்கம். எடுத்தது டான்சில்தானா, அதில் எதிர்பாராத நோய் ஏதும் இருக்கிறதா என்பதற்கு ஒரு காகித ஆதாரம். டாக்டருக்கும் அது பாதுகாப்பு.

வெட்டி எடுத்த சதை சும்மா இருந்தால் அழுகத் தொடங்கிவிடும். அதனால் உடனே பார்மலின் என்ற மருந்து நீரில் போடுகிறார்கள். மாவடு உப்பு நீரில் ஊறி இறுகுவது போல, சதை இதில் ஊறி இறுகுகிறது. இதற்கே பெரும்பாலும் ஒரு நாள் ஆகிவிடும்.

பிறகு லேப் டாக்டர் அதை வெளியே எடுத்து, அளந்து, தொட்டுப் பார்த்து, குறுக்கே வெட்டி, உள்ளே வெள்ளையாகவோ கட்டியாகவோ ஏதும் தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்க்கிறார். அதிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, நம்பர் எழுதிய சின்னப் பெட்டிகளில் போடுகிறார்.

அந்தத் துண்டுகள் இரவு முழுவதும் ஒரு மிஷினில் கிடக்கும். முதலில் ஸ்பிரிட் போன்ற ஆல்கஹால் சதையில் உள்ள தண்ணீரை எல்லாம் உறிஞ்சிவிடும். பிறகு சைலீன் என்ற திரவம் அந்த ஆல்கஹாலை வெளியேற்றும். கடைசியில் உருக்கிய மெழுகு, தண்ணீர் இருந்த இடத்தில் எல்லாம் புகுந்து நிரம்பிவிடும். காலையில் பார்த்தால் சதை ஒரு மெழுகுக் கட்டிக்குள் உறைந்து நிற்கும்.

இனிமேல்தான் கைத்திறன். மைக்ரோட்டோம் என்ற கருவியில் அந்த மெழுகுக் கட்டியைப் பொருத்திச் சீவுகிறார்கள். பாக்குச் சீவல் எல்லாம் இதற்கு முன் பாறாங்கல். ஒரு மில்லிமீட்டரை 250 பாகமாகப் பிரித்தால் வருமே, அந்தக் கனம்தான் ஒரு சீவல். நம் தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இராது. சீவல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நாடா போல் வருகின்றன. அந்த நாடாவை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுக்கிறார் டெக்னீஷியன். நான் பார்த்த பெண்மணி மூச்சை அடக்கிக்கொண்டுதான் எடுத்தார்.

சீவலுக்கு நிறம் கிடையாது. அதனால் இரண்டு சாயம் ஏற்றுகிறார்கள். ஹீமட்டாக்சிலின் என்ற சாயம் உயிரணுவின் மையத்தை நீலமாக்கும். இது மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து கிடைப்பது. இயோசின் என்ற சாயம் மற்றப் பகுதியை இளஞ்சிவப்பாக்கும். அதன் பிறகுதான் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கிறார்.

"ரிப்போர்ட் ஏன் இன்னும் வரவில்லை? ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள். மறைப்பு ஒன்றுமில்லை. ஊற ஒரு நாள், மெழுகு ஏற ஓர் இரவு, சீவ, சாயம் போட, பார்க்க, எழுத என்று நாலைந்து நாள் தானாக ஓடிவிடும்.

குழந்தைக்கு அவசியமா?

"நல்ல ஆரோக்கியமான குழந்தை. இரண்டு டான்சிலும் ஒரே அளவு. சந்தேகம் ஒன்றும் இல்லை. இதற்கும் இத்தனை வேலை தேவையா?" என்று டாக்டர்களைக் கேட்டேன்.

இதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. பல நாடுகளில் வெகு நாளாக நடக்கும் விவாதம் இது.

2007ல் லாரிங்கோஸ்கோப் என்ற மருத்துவ ஏட்டில் அமெரிக்க டாக்டர்கள் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். அதுவரை வந்த 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மொத்தம் 54,901 நோயாளிகள். அவர்களில் 54 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அந்த 54 பேரில் 48 பேருக்கு ஆபரேஷனுக்கு முன்பே சந்தேகப்படும்படியான அறிகுறி இருந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பெரிதாக இருப்பது, கழுத்தில் கட்டி, சதையின் தோற்றமே சரியில்லாமல் இருப்பது போன்றவை. எந்த அறிகுறியும் இல்லாமல் லேபில் மட்டும் கண்டுபிடித்தது 6 பேருக்கு. ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேரில் ஒருவர்.

இதை வைத்துத்தான், சந்தேகம் இல்லாத குழந்தைக்கு மைக்ராஸ்கோப் பரிசோதனை வேண்டாம், வெறும் கண்ணால் பார்த்து எழுதி வைத்தால் போதும் என்று ஒரு கட்சி சொல்கிறது. அமெரிக்காவில் இப்படி எந்தெந்தச் சதைக்கு விலக்கு என்பதை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனக்குள் விதியாக எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மற்றக் கட்சி, "அந்த ஒன்று உங்கள் குழந்தையாக இருந்தால்?" என்று கேட்கிறது. நம் நாட்டில் காசநோய் அதிகம், அபூர்வமாக டான்சிலிலும் அது வரும், அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சந்தேகம் இல்லாத குழந்தைக்கு லேபுக்கு அனுப்பவில்லை என்றால் டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகக் கூடாது. அனுப்பினால் குழந்தைக்கு ஏதோ பெரிய வியாதி என்று பட்டினி கிடக்கவும் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே, "சதையை லேபுக்கு அனுப்புவீர்களா, வழக்கமாகவா, சந்தேகத்தினாலா, கட்டணம் தனியா?" என்று கேட்டுவிட வேண்டும். தினக்கூலிக்காரனுக்கு இந்தக் கடைசிக் கேள்வி சின்னக் கேள்வி அல்ல. ஆபரேஷன் பில்லில் சேராமல் லேபில் தனியாகக் கேட்டபோதுதான் என் நண்பர் பக்கத்துக் கடைக்காரரிடம் கைமாற்று வாங்க ஓடினார்.

இன்னொன்று. குழந்தையின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு பக்கம் பெரிதாக இருக்கிறதே என்று சிலர் பயப்படுவார்கள். பல சமயம் இரண்டும் ஒரே அளவுதான். ஒன்று குழியில் ஆழமாகப் பதிந்திருக்கும், மற்றொன்று வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் சில வாரங்களில் வேகமாகப் பெரிதானால், கழுத்தில் நெறி கட்டி மறையாமல் இருந்தால், இரவில் வியர்த்து உடம்பு இளைத்தால் அது வேறு விஷயம். அந்தச் சதை கட்டாயம் லேபுக்குப் போக வேண்டும். இதில் இரண்டு கட்சிகளுக்கும் வேற்றுமை இல்லை.

பெரியவர்கள் கதை வேறு

பெரியவர்களுக்கு இந்தச் சலுகை எல்லாம் கிடையாது. நாற்பது, ஐம்பது வயதில் ஒரு பக்க டான்சில் வீங்கினால், அதிலும் புகையிலை, மாவா, குட்கா, பீடி, சாராயம் என்று பழக்கம் இருந்தால், எடுத்த சதையைப் பரிசோதிக்காமல் விடவே கூடாது. எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும் ஒரு வகை வைரஸ் கிருமியால் டான்சிலில் புற்றுநோய் வருவதுண்டு. மேல்நாடுகளில் இது அதிகரித்திருக்கிறது.

அடினாய்டும் அப்படித்தான். குழந்தைக்கு மூக்கின் பின்னால் சதை இருப்பது இயல்பு. பெரியவருக்குப் புதிதாக அங்கே சதை வளர்ந்து, ஒரு காது அடைத்து, மூக்கில் ரத்தம் கசிந்தால் சாதாரணமாக எண்ணக் கூடாது. நம் நாட்டில் நாகாலாந்துப் பக்கம் அந்த இடத்துப் புற்றுநோய் மிக அதிகம்.

எங்கள் ஆபீசில் பக்கத்து செக்ஷனில் வேலை பார்த்த ஒருவருக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். வயது ஐம்பத்தி இரண்டு. மேஜை டிராயரில் எப்போதும் மாவா பொட்டலம் இருக்கும். ஒரு பக்கம் விழுங்க வலித்தது. முதலில் கடைவாய்ப் பல் என்று நினைத்து அதைப் பிடுங்கினார். வலி போகவில்லை. பிறகு ஒரு தனியார் நர்சிங் ஹோமில் டான்சிலை எடுத்தார்கள். சதை லேபுக்கும் போனது.

வலி விட்டதும் மனிதர் லீவு போட்டுவிட்டு ஊரில் கொடைக்குப் போய்விட்டார். ரிப்போர்ட் வாங்க வேண்டும் என்று அவருக்கு நினைவில்லை. வாங்கிவிட்டாரா என்று நர்சிங் ஹோமும் கேட்கவில்லை. லேபில் கொடுத்திருந்த போன் நம்பரோ பழையது. இரண்டு மாதம் கழித்துக் கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் அந்தக் காகிதம் அவர் கைக்கு வந்தது. அதில் "ஸ்குவாமஸ் செல் கார்சினோமா" என்று இருந்தது. புற்றுநோய்.

"ஆபரேஷன் ஆயிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னுதானே சார் நெனச்சேன்?" என்று என்னிடம் கேட்டார். ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கரண்டு வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் எச்சில் சுரப்பது குறைந்துவிட்டது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் அவரால் ஒரு இட்லி சாப்பிட முடியாது. முதல் வாரத்திலேயே அந்தக் காகிதத்தை வாங்கியிருந்தால் கழுத்துக்குப் பரவும் முன்பே வைத்தியம் ஆரம்பித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். பரிசோதனை சரியாகத்தான் நடந்தது. காகிதம்தான் இரண்டு மாதம் அலமாரியில் தூங்கியது.

டப்பாவைக் கொண்டுபோகும்போது

சதையை நம் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புவது பல இடங்களில் நடக்கிறது. அப்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

டப்பா அகன்ற வாய் உள்ளதாக இருக்க வேண்டும். சதை மெத்தென்று இருக்கும்போது குறுகிய வாய் பாட்டிலில் அமுக்கிப் போட்டுவிடுவார்கள். பார்மலினில் ஊறி இறுகிய பிறகு அது வெளியே வராது. பாட்டிலை உடைக்க வேண்டியதாகும். திரவம் சதையைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு அனுப்புவதும், வெறும் பஞ்சில் சுற்றி அனுப்புவதும், பிரிஜ்ஜில் உறைய வைப்பதும் சதையைப் பாழாக்கிவிடும். அப்படிப் பாழானால் லேப் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயன் இல்லை. மறுபடி வெட்டி எடுக்கத் தொண்டையில் சதை இருக்காது.

காசநோய் என்று டாக்டருக்கே சந்தேகம் இருந்தால் மட்டும் ஒரு துண்டைப் பார்மலின் இல்லாமல் தனியாக அனுப்புவார். பார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். பிறகு அதை வளர்த்துப் பார்க்க முடியாது.

டப்பாவின் மேல் பெயர், வயது, ஆஸ்பத்திரி நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியில் எழுதினால் போதாது. மூடி மாறும். வலது, இடது என்று தனித்தனியாகக் குறித்திருக்க வேண்டும். நோய் இருந்தால் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டாமா? லேபிள் விழுந்துபோன மூட்டை என்ன கதி ஆகும் என்பது ரயில்வே பார்சல் ஆபீசில் ஒரு நாள் நின்றவனுக்குத் தெரியும். சதை விஷயத்தில் அது மூட்டை தொலைவதோடு முடியாது, ஒருவர் ரிப்போர்ட் இன்னொருவருக்குப் போய்விடும்.

பார்மலின் விஷம். கண்ணைக் கரிக்கும். டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைக்காதீர்கள்.

காகிதத்தில் உள்ள சொற்கள்

ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும். "ரியாக்டிவ் லிம்பாய்டு ஹைப்பர்பிளாசியா" என்று பெரிய பெயராகப் போட்டிருந்தால், கிருமியோடு போராடிச் சதை பெருத்திருக்கிறது என்றுதான் பொருள். "கிரானிக் டான்சிலைட்டிஸ்" என்றால் நாட்பட்ட டான்சில் வீக்கம். "ஆக்டினோமைசிஸ்" என்று இருந்தால் அது டான்சில் குழிகளில் சாதாரணமாகத் தங்கியிருக்கும் ஒரு கிருமி. அதற்காகவே தனி வைத்தியம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. "நோ எவிடன்ஸ் ஆப் மாலிக்னன்சி" என்ற வரி புற்றுநோய்க்கு அடையாளம் இல்லை என்பது. மாலிக்னன்சி என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டு அழுதவர்களும் உண்டு. முன்னால் இருக்கும் "நோ"வையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

"கிரானுலோமா" என்று இருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். காசநோயாக இருக்கலாம். அதை உறுதி செய்ய வேறு பரிசோதனைகள் உண்டு. மருந்து அரசாங்க மையங்களில் இலவசம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். குழந்தை வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரத்தில் ரிப்போர்ட்டைவிட முக்கியமானது, தொண்டையில் ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெட்டி எடுத்த டான்சில் ஒரு நாட்டுக்கே உதவியதும் உண்டு. பிரிட்டனில் பைத்தியக்கார மாட்டு நோய் மனிதருக்கும் பரவியபோது, எத்தனை பேர் உடம்பில் அது ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, ஆபரேஷனில் எடுத்த டான்சில்களைப் பெயர் இல்லாமல் சேகரித்தார்கள். 2009ல் வெளிவந்த முடிவில், பார்த்த 63,007 பேரின் சதையில் ஒன்றில்கூட அந்த நோய் உறுதியாகவில்லை.

நண்பர் வீட்டுக்கு வருகிறேன். ரிப்போர்ட்டை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். குழந்தை இப்போது வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள். ஆச்சிக்குத்தான் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "வெட்டின சதையை எங்கடே போட்டாவ? நாய் நரி இழுத்துட்டுப் போயிராதுல்லா?" என்று மகனைத் துளைத்துவிட்டார்.

அதையும் டாக்டரிடம் கேட்டுச் சொன்னேன். மிச்சச் சதையை மஞ்சள் பையில் போட்டு எரித்துவிட வேண்டும் என்பது 2016ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதி. மெழுகில் உறைந்த துண்டை மட்டும் லேபில் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் துண்டையும் கொண்டுவரச் சொல்லி மறுபடி பார்ப்பதுண்டு. எங்கள் ஆபீஸ்காரர் அப்படித்தான் வாங்கிப் போனார். பேத்தியின் சதையும் ஒரு நம்பரோடு ஏதோ ஒரு இழுப்பறையில் இருக்கும் என்றேன்.

"நம்பரை எழுதி வச்சுக்கிட்டியாடே?" என்று ஆச்சி மகனைப் பார்த்துக் கேட்டார்.